கைதட்டல் விழுந்த வரி

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் பூவலிங்கம் அண்ணாச்சி மடத்துக்கு வந்தார். மனைவியும் மகளும் பின்னால் வந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். சனி, ஞாயிறு என்றால் மேடை. பட்டிமன்றமோ, கோயில் கொடைத் திருவிழாவோ, ஆண்டு விழாவோ, நோட்டீஸில் அவர் பெயர் இருக்கும். இரண்டு வருஷமாகப் பிள்ளைகளையும் செல்போனையும் பற்றி ஒரு பேச்சு வைத்திருக்கிறார். பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேச வைக்கிறார்கள். எனக்கு மேடைப் பேச்சு ஆகாது. ஒருத்தர் ஒரு மணி நேரம் கத்துவதை உட்கார்ந்து கேட்க எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் ஊர் கேட்கிறது, கை தட்டுகிறது. அதைக் குறை சொல்ல நான் யார்?

நான் முப்பிடாதி. மடத்தில் சமையல் என் பொறுப்பு.

எங்கள் சுவாமிக்கு முப்பத்தெட்டு வயது. அண்ணாச்சிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இருந்தாலும் அண்ணாச்சிதான் சிஷ்யர். ஏழு வருஷமாக மாதம் ஒரு தடவை வந்து, விழுந்து கும்பிட்டு, ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்கிப் போவார். சுவாமி துறவறம் வாங்குவதற்கு முன்னால் மைக்செட் போட்டுக்கொண்டிருந்தவர். அண்ணாச்சி பேசிய எத்தனையோ மேடைகளுக்கு அவர்தான் ஒயர் இழுத்திருக்கிறார். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கு அண்ணாச்சி கசங்கிய சட்டையும் சவரம் செய்யாத முகமுமாக இருந்தார். மகளையும் மனைவியையும் அடுப்படிக்கு அனுப்பினார்.

"அக்காவுக்கு வெங்காயம் உரிச்சுக் குடுங்க. நான் சுவாமியப் பாத்துட்டு வாரேன்."

அந்தப் பிள்ளை பேர் இளவெயினி. பத்தாம் வகுப்பு. போன வருஷம் வந்தபோது மடத்துச் சுவர் முழுக்கக் கரித்துண்டால் மயில் வரைந்துவிட்டு, "அத்தை, சுவாமி திட்டுவாரா?" என்று என் முந்தானைக்குப் பின்னால் நின்றது. இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

நான் மோர் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்தேன். போகச் சொல்லாததால் அங்கேயே நின்றேன்.

"சுவாமி, எம் மக வாயத் தொறக்க மாட்டேங்கா. எப்படித் தொறக்க வைக்க? அதுக்கு ஒரு வழி சொல்லணும்."

"என்ன நடந்துச்சு?"

"மூணு வாரமா ஒழுங்காச் சாப்பிடல. தூங்கல. திங்கக்கிழமை அவ போனை எடுத்துப் பாத்தேன். எல்லாத்தையும் அழிச்சிருக்கா. ஒண்ணே ஒண்ணு மட்டும் அழியாம இருந்துச்சு. 'ஞாயிறு வரைக்கும்தான் டைம். சொன்னதச் செய்யலன்னா முதல்ல உங்க அப்பாவுக்குத்தான் அனுப்புவேன்.' எவனோ ஒருத்தன்."

"கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பனா? அதட்டிக் கேட்டேன், அழுது கேட்டேன். ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்லப்பாங்கா. கடைசியில போனைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்."

"அப்போ இந்த நாலு நாளா அவன் என்ன எழுதுதான்னு இப்ப யாருக்கும் தெரியாது."

அண்ணாச்சிக்கு அது அப்போதுதான் உறைத்தது. மோரை எடுத்தவர் குடிக்காமல் கீழே வைத்தார்.

"இன்னொண்ணு சுவாமி. புதன்கிழமை அவ அம்மாகிட்ட ஒண்ணு கேட்டிருக்கா. 'நான் இல்லாமப் போயிட்டா அப்பா உசுரோட இருப்பாருல்லம்மா?'ன்னு. என்ன கேள்வி இது? எனக்கு ஒண்ணும் புரியல. இவ அம்மா அன்னையிலேருந்து அவளப் பாத்ரூமுக்குக்கூடத் தனியா விடல."

சுவாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

"பாப்பா இப்ப எங்க?"

"அடுப்படியில, அவ அம்மாகூட."

"நீங்களும் போய் அங்க இருங்கக்கா. பிள்ளைய விட்டு நகராதீங்க."

நான் வந்துவிட்டேன். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் பந்திக்குச் சோறு எடுத்துக் கொடுக்கிற ஒரு பெரிய சன்னல் உண்டு. கதவு இல்லாத சன்னல். மெதுவாகப் பேசினால் கேட்காது. குரல் உயர்ந்தால் ஒரு சொல் விடாமல் கேட்கும்.

சுவாமி குரல் உயர்ந்தது.

"அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு ஒரு பேச்சு பேசுவீங்களே, செல்போனைப் பத்தி. அத இப்பப் பேசிக் காட்டுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். எந்திரிச்சு நின்னு, மேடையில பேசுத மாதிரியே."

"சுவாமி, எம் மக சாகக் கிடக்கா. நான் வழி கேட்டு வந்திருக்கேன்."

"அதுக்குத்தான் கேக்குதேன். பேசுங்க."

குரு சொன்னால் மறுத்துப் பேசாதவர். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். முதலில் குரல் தடுமாறியது. நாலு வரி போனதும் பழக்கம் வந்து ஏறிக்கொண்டது. நல்ல பேச்சுத்தான், நான் பொய் சொல்லவில்லை. முகம் தெரியாதவர் அழைத்தால் போகாதே என்றார். பெயரைச் சொல்லாதே, பள்ளியைச் சொல்லாதே, படத்தை அனுப்பாதே என்றார். ஆபத்து என்றால் 1098-ஐ அழையுங்கள் என்று அந்த எண்ணை மூன்று தடவை சொன்னார். காலிக் கூடம் அதிர்ந்தது.

நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே பிள்ளையைப் பார்த்தேன். வெங்காயத்தை உரித்தபடி அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவர் சொல்வதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு முழுவதும் அவளுக்கு மனப்பாடம்.

அண்ணாச்சி குரல் ஏறிக்கொண்டே போனது.

"பிள்ளைகளே! இந்தப் பூவலிங்கத்தின் வீட்டுப் பெண், முகம் தெரியாத ஒருவனுக்குத் தன் படத்தை அனுப்பினாள் என்று என் காதில் விழுமானால், அடுத்த நொடி இந்தப் பூவலிங்கம் உத்தரத்தில் தொங்குவான்! அந்த அவமானத்தைப் பார்க்க இந்தக் கண்கள் திறந்திருக்காது!"

நிறுத்தினார். கை தட்டுவதற்கு இடம் விட்டு நிறுத்துகிற நிறுத்தம் அது. கூடத்தில் யாரும் தட்டவில்லை. சாம்பார் கொதிக்கிற சத்தம்தான் கேட்டது.

இங்கே பிள்ளையின் கை வெங்காயத்தோடு அப்படியே நின்றுவிட்டது. அவள் அம்மா செண்பகவல்லி முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. பெற்ற தகப்பனுக்குத்தான் இன்னும் புரியவில்லை.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க?" என்றார் சுவாமி.

"இந்த இடத்துல கை தட்டுவாங்க சுவாமி. அது முடியட்டும்னு நிப்பேன்."

"எப்பவும் தட்டுவாங்களா?"

"எப்பவும். இந்த வரிக்குத் தட்டாத கூட்டமே கிடையாது."

"உங்க மக பள்ளிக்கூடத்துல எப்ப பேசினீங்க?"

"போன வாரம். புதன்கிழமை."

"அங்கயும் தட்டினாங்களா?"

"ஏ அப்பா! நிக்கவே இல்ல."

"நான் மைக்செட் போட்ட காலத்துல பேச்சக் கேக்க மாட்டேன் அண்ணாச்சி. கூட்டத்தப் பாத்துக்கிட்டே இருப்பேன். கடைசி வரிசை வரைக்கும் குரல் போகுதான்னு பாக்கணும்லா. அன்னைக்கு உங்க மக எங்க உக்காந்திருந்தா?"

"மூணாவது வரிசை."

"அவளுக்குக் கேட்டிருக்கும்."

"கேட்டுச்சு சுவாமி. நான் அவளத்தான் பாத்துட்டு இருந்தேன். அவளும்..."



"அவளும்?"

"அவளும் கை தட்டினா சுவாமி. எல்லாரும் தட்டி முடிச்ச பிறகும் தட்டிக்கிட்டே இருந்தா. எனக்குப் பெருமையா இருந்துச்சு."

"மூணு வாரமாச் சாப்பிடலன்னு சொன்னீங்க. நீங்க பேசினது போன வாரம்."

கூடத்தில் தொப்பென்று சத்தம் கேட்டது. நான் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி தரையில் உட்கார்ந்திருந்தார். மனைவியிடம் மகள் கேட்டது இப்போது அவருக்கு விளங்கியிருந்தது. இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாவி! நான் ஒரு பாவி! எனக்காகவா சுவாமி? நான் சாகக் கூடாதுன்னா அவ..."

"தலையில அடிக்கிறத விடுங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அந்த வரி நெசமா?"

"எது?"

"தொங்குவீங்களா?"

"ஐயோ, இல்ல சுவாமி. அது மேடைக்கு."

"எனக்குக் கேக்கல."

"மேடைக்காகச் சொன்னது."

"இன்னும் சத்தமா."

எங்கள் சுவாமிக்குக் காது நல்ல கூர்மை. கொல்லையில் தேங்காய் விழுந்தால் எந்த மரம் என்று சொல்வார். நான் புளிக் கரைசலைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளை பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"பொய் சுவாமி!" அண்ணாச்சி அலறினார். "கைதட்டலுக்காகச் சொன்ன பொய்! எம் பிள்ளை என்ன செஞ்சிருந்தாலும் நான் ஏன் சாகணும்? அவள விட்டுட்டு நான் எங்க போவேன்? எனக்கு இந்த ஊரு, மேடை, ஒரு மண்ணும் வேண்டாம்!"

"மேடைக்குன்னு உங்களுக்குத் தெரியும். மூணாவது வரிசையில இருந்தவளுக்கு யார் சொன்னா?"



இளவெயினி எழுந்தாள். மடியில் இருந்த வெங்காயமெல்லாம் உருண்டு ஓடியது. செண்பகவல்லி கையைப் பிடிக்கப் போனாள். "விடுங்க" என்று நான் சைகை காட்டினேன். பிள்ளை கூடத்து வாசற்படியில் போய் நின்றது. உள்ளே காலை வைக்கவில்லை.

"அப்பா."

அண்ணாச்சி திரும்பினார்.

"அப்போ தொங்க மாட்டீங்களா?"

அந்த மனுஷன் எத்தனை ஆயிரம் பேர் முன்னால் பேசியவர். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"என்ன நடந்திருந்தாலுமா?"

"என்ன நடந்திருந்தாலும்."

"சாமி சத்தியமா?"

"சத்தியமாம்மா."

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். விரலில் ஒட்டிய வெங்காயத் தோலை உரித்தாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள்.

"படம் வரையிற குரூப் ஒண்ணுப்பா. அதுல ஒரு அக்கா. சேலத்துல காலேஜ் படிக்காங்கன்னு சொன்னாங்க. என் மயில் படத்த ரொம்பப் பாராட்டுவாங்க. நீங்க அந்த நோட்டைத் திறந்துகூடப் பாத்ததில்ல. அவங்கதான் பாத்தாங்க. ஒரு நாள் உன் முகத்த வரையணும், போட்டோ அனுப்புன்னு கேட்டாங்க. ஆண்டு விழா அன்னைக்குப் பட்டுப்பாவாடையில எடுத்தோம்லா, அத அனுப்பினேன்."

"ம்."

"அது அக்கா இல்லப்பா. அவன் அந்தப் படத்துல என் முகத்த மட்டும் எடுத்து, வேற உடம்பு வச்சு..."

அண்ணாச்சி துள்ளி எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"எந்த நாய்டா அவன்? வெட்டிப் போட்டிருவேன் அவன! நீ எதுக்கு அனுப்பின? ஒனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன், படத்த அனுப்பாத, அனுப்பாதன்னு..."

பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் குறுகி, முகம் மறுபடியும் பழையபடி ஆனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியை எடுத்து அவர் மண்டையிலேயே போடலாமா என்று இருந்தது.

"அண்ணாச்சி, உக்காருங்க" என்றார் சுவாமி.

"இல்ல சுவாமி, அவன..."

"அவன் இங்க இல்ல. இங்க இருக்கிறது உங்க மகதான். கோவப்பட்டாலும் அவளுக்குத்தான் கேக்கும்."

அண்ணாச்சி நின்றபடியே மூச்சு வாங்கினார். பிறகு உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார், பள்ளிக்கூடத்தில் சேட்டை செய்கிற பிள்ளையை வாத்தியார் உட்காரச் சொல்வாரே, அந்த மாதிரி.

"தப்புத்தாம்மா. நான் கத்தியிருக்கக் கூடாது. நீ சொல்லு. சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் பேச மாட்டேன்."

நெடுநேரம் ஆனது. அவர் பேசவில்லை, அசையவுமில்லை. சாம்பார் இறக்கி, ரசம் வைத்து, அப்பளம் பொரித்து முடித்தேன். அதற்குள் அவள் ஒன்றிரண்டாகச் சொல்லித் தீர்த்தாள். அவன் வேறு படங்கள் கேட்டது, இவள் மாட்டேன் என்றது, ஞாயிற்றுக்கிழமை வரை கெடு வைத்தது, எல்லாம். செண்பகவல்லி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அந்த 1098-க்கு ஒரு தடவ போன் போட்டிருக்கலாமேம்மா" என்று அண்ணாச்சி கடைசியில் கேட்டார். குரலில் அதட்டல் இல்லை.

"போடப் போனேன்ப்பா. பாதி நம்பர் அமுக்கினேன். போட்டா வீட்டுல சொல்லிருவாங்க, வீட்டுல தெரிஞ்சா நீங்க... அதான் வச்சிட்டேன்."

அண்ணாச்சி மகள் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். வெங்காயக் கை. கண்ணெல்லாம் எரிந்திருக்கும். விடவே இல்லை.

"எம் மேல கோவம் இல்லையாப்பா?"

"எனக்கு எம் மேலதான்மா கோவம்."

"அப்போ அவன் நாளைக்கு ஊருக்கெல்லாம் அனுப்பிட்டான்னா?"

"அனுப்பட்டும். ஊர் பாத்தா ஊர் கண்ணு அவியட்டும். நான் ஒம் பக்கத்துல நிப்பேன். நீ தப்பு செய்யல. உன் முகத்தத் திருடினவன்தான் தப்பு செஞ்சவன்."

அதை மேடைக் குரலில் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னார்.

பந்தி போட்டேன். பிள்ளை இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டது. நான் வேண்டுமென்றே மூன்றாவது அப்பளத்தை வைத்தேன். அதையும் சாப்பிட்டது.

அடுத்து என்ன செய்வது என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து போனை எடுப்பது. எதையும் அழிக்காமல், அவனுக்குப் பதில் எழுதாமல், அப்படியே கொண்டுபோய் போலீஸில் புகார் கொடுப்பது. மூன்று பேரும் சேர்ந்தே போவது. பிள்ளை பேச வேண்டியதை அவளே பேசுவாள். தகப்பன் பக்கத்தில் இருப்பார்.

இரண்டரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அண்ணாச்சி சுவாமியை விழுந்து கும்பிட்டார். எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சுவாமி, இனிமே மேடை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். திங்கக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்துல அதே பேச்சு இருக்கு. வர முடியாதுன்னு சொல்லிருதேன். பேசிப் பேசி எம் பிள்ளையையே சாகடிக்கப் பாத்தேன். இனி இந்த வாய் மேடையில தொறக்காது."



"இந்தப் பேச்ச மொத்தம் எத்தனை பள்ளிக்கூடத்துல பேசியிருக்கீங்க அண்ணாச்சி?"

"அறுபத்து மூணு சுவாமி."

"எல்லாத்துலயும் அந்த வரி உண்டா?"

"உண்டு."

"எல்லாத்துலயும் பிள்ளைக கை தட்டினாங்களா?"

அண்ணாச்சி ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"உங்க பிள்ளைக்கு மட்டும் இன்னைக்கு வந்து பொய்னு சொல்லிட்டீங்க. அறுபத்து மூணு பள்ளிக்கூடத்துல இருக்கிற மத்தப் பிள்ளைகளுக்கு யார் போய்ச் சொல்லுவா?"